முப்பத்தெட்டாம் ஈடு

புருஷன் வேக வைத்ததைப் பெண்டாட்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது, அந்தத் தொழிற்சாலையில் இரண்டரை வருடமாக எல்லோருக்கும் பொழுதுபோக்காக இருந்தது.

அவர் உலைக்காரர். போர் விமான எஞ்சினுக்குள் தண்டைத் தாங்கிச் சுழலும் பேரிங் வளையங்களை உப்பை உருக்கி நிரப்பிய உப்பு உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி இறுக வைப்பது அவர் வேலை. அவள் அளவறையில் இருந்தாள். இறுகி, சாணை பிடித்து வருகிற வளையம் வட்டமாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வட்டம் என்றால் வளையல் வட்டம் இல்லை. ஒரு தலைமுடியை ஐம்பது கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்று என்ன கனம் இருக்குமோ, அவ்வளவுதான் பிசகலாம். அதற்கு மேல் ஒரு மைக்ரான் கூடியிருந்தாலும் தட்டை அப்படியே திருப்பித் தள்ளிவிடுவாள். அதனால் அவளுக்குப் பெயரே மைக்ரான் என்று ஆகிவிட்டது. சின்னவர்களுக்கு மைக்ரானக்கா.

உலையில் ஒரு தரம் இறக்கி எடுக்கும் பன்னிரண்டு வளையங்களை அங்கே ஓர் ஈடு என்பார்கள். சமையற்கட்டு வார்த்தைதான். "என்னக்கா, இன்னிக்கு ஈடு வேகலையா? வீட்டுலயாச்சும் மாமாவுக்குச் சோறு உண்டா?" என்று சாணை மெஷின்காரர்கள் கேட்பார்கள். அவள் சிரிக்காமல் சிவப்பு மையில் எழுதிக்கொண்டே, "வெந்தாச் சாப்பிடுவேன், வேகலைன்னா துப்புவேன். சோத்துக்கும் அதுதான்" என்பாள்.

அதற்கு முன்பெல்லாம் இந்த வளையங்கள் கடலுக்கு அப்பாலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. செய்தித்தாள்கள் நட்பு நாடு என்று எழுதும் நாடு. ஏதோ உலக சபையில் ஏதோ ஒரு தீர்மானத்துக்கு நம்மவர்கள் கை தூக்க வேண்டிய இடத்தில் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த மாதமே ஏற்றுமதித் தடை. வளையம் நின்றது. வளையம் செய்யும் எஃகும் நின்றது. காற்றை உறிஞ்சிவிட்டுச் சூடேற்றும் புகையில்லாத உலை ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது அவர்கள் துறைமுகத்திலேயே பெட்டியோடு நின்றது. அளவறை மெஷினுக்கு ஆதாரமாக ஒரு கண்ணாடிக் குண்டு உண்டு. குறையில்லாத வட்டம் என்றால் எது என்று மெஷினுக்குக் காட்டும் குண்டு. வருடத்துக்கு ஒருமுறை அங்கே போய்ச் சோதனை முடித்துச் சான்றிதழோடு திரும்பி வரும். அந்த வருடம் போனது போனதுதான்.

உலைக்காரர் பழைய உப்பு உலையைப் பற்ற வைத்தார். மைக்ரான் அலமாரியில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய குண்டை எடுத்துத் துடைத்தாள். ஒருமுறை அளந்து, அரை வட்டம் திருப்பி வைத்து இன்னொருமுறை அளந்து, இரண்டையும் கழித்துப் பார்த்தால் குண்டின் குறை எவ்வளவு, வளையத்தின் குறை எவ்வளவு என்று பிரிந்துவிடும். ஒரு வளையத்துக்கு ஐந்து நிமிடம் ஆன இடத்தில் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வளையம் கோணவில்லை. அன்றைக்கு அளந்தால் சரியாகவே இருந்தது. பத்து நாள் அலமாரியில் சும்மா வைத்துவிட்டு அளந்தால் பெருத்திருந்தது. இரண்டு மைக்ரான், மூன்று மைக்ரான்.

"சும்மா கெடக்கற இரும்பு எப்படிடி பெருக்கும்? அதென்ன புள்ளத்தாச்சியா?" என்பார் உலைக்காரர். எண்ணெய்ப் புகையில் குரல் அப்போதே கம்மிப் போயிருந்தது.

"எனக்கென்ன தெரியும். பெருத்திருக்கு. எழுதிட்டேன்."

"வீட்டுக்காரனாச்சேன்னு ஒரு தடவ கண்ண மூடினா என்ன?"

"நான் கண்ண மூடினா, மேல ஒருத்தன் கண்ண மூடுவான்."

முப்பத்தோரு ஈடு இப்படிப் போயிற்று. சூட்டைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். காய்ச்சி முக்கிய பிறகு உறைகுளிர்ப் பெட்டியில் வைத்தால் இரும்பு அடங்கும் என்று எங்கோ படித்துவிட்டு ஒரு பொறியாளர் சொன்னார், அதையும் செய்தார். சில ஈட்டில் பாதி அடங்கியது, சில ஈட்டில் ஒன்றுகூட அடங்கவில்லை. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு மழை நாள். வெளியே போக முடியாமல் இரண்டு பேரும் அளவறை வாசலிலேயே சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். சோறும் கீரையும் அவித்த முட்டையும். அவள் முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்:

"பதினெட்டாம் ஈடு எத்தன மணிக்கு எண்ணெய்ல முக்கினீங்க?"

"காலையில. ஒம்பதரை இருக்கும்."

"அது தேறுச்சு, பாதியாவது. இருபத்தஞ்சு?"

"அது... சாப்பாட்டுச் சங்கு ஊதறப்பதான் முக்கினேன். முக்கிட்டு வந்து உன்கூடச் சாப்பிட்டேனே, நீகூட உப்பு பத்தலைன்னு..."

"அது மொத்தமும் போச்சு. இருபத்தேழு?"

அவர் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. "அதுவும் சங்குக்கு முன்னாடிதான்."

சங்குக்கு முன்னால் முக்கிய வளையமெல்லாம், அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு மணி நேரம் மேஜைமேல் கிடந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் இரும்பு முரண்டு பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு குளிரில் வைத்தாலும் வழிக்கு வருவதில்லை. உலைக்காரர் கையைக்கூடக் கழுவாமல் மழையில் இறங்கி ஓடினார். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடவில்லை. எண்ணெயில் முக்கி எடுத்த கையோடு, புகை அடங்குவதற்குள், தொட்டி மேலேயே குனிந்து வழித்துக் குளிர்ப் பெட்டிக்குள் தள்ளினார். ஒரு பக்கம் எண்ணெய்ப் புகை, ஒரு பக்கம் குளிர் ஆவி. இரண்டுக்கும் நடுவில் நெஞ்சு.

முப்பத்தெட்டாம் ஈட்டைப் பத்து நாள் கழித்து அளந்தாள். இருபது நாள் கழித்து அளந்தாள். நாற்பதாம் நாள் அளந்துவிட்டு, பச்சை மைப் பேனா எங்கே என்று தேடினாள். இரண்டரை வருடமாகத் தொடாத பேனா, மை காய்ந்து எழுதவில்லை. பக்கத்து மேஜையில் கடன் வாங்கித்தான் எழுதினாள். சோதனை மேடையில் எஞ்சினை முந்நூறு மணி நேரம் ஓட்டிப் பிரித்தார்கள். பன்னிரண்டு வளையமும் போட்டது போட்டபடி இருந்தன. மேனேஜர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்து, உலைக்காரர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். உலைக்காரர் படத்தில் இருமாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது படத்திலேயே தெரிந்தது.

சேதியைக் கொண்டு வந்தவன் அவளுடைய கொழுந்தன். கல்யாணமாகாதவன், அவர்களோடுதான் கம்பெனி வீட்டில் இருந்தான். டைரக்டரின் கார் ஓட்டுகிறவன். பின்சீட்டில் பேசுவதெல்லாம் முன்சீட்டில் விழும்.

"தடைய எடுக்கப் போறாங்களாம் அண்ணே. அடுத்த மாசம் ஒப்பந்தம்."

உலைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! நாம செஞ்சுட்டோம்னு தெரிஞ்சதும் இறங்கி வர்றான் பாரு!"

"இறங்கி வரலண்ணே, இறக்க வர்றான். கப்பல் கப்பலா. பன்னெண்டு வருஷத்துக்கு வளையம் அவன்கிட்டதான் வாங்கணும், இங்க செய்யக் கூடாது. அதுக்குச் சம்மதிச்சாத்தான் புது ப்ளேனுக்கு எஞ்சின் தருவானாம். நாம செய்யாம இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் தடைய எடுத்திருக்க மாட்டான்னு டைரக்டரே சிரிச்சுக்கிட்டுச் சொல்றாரு."

மைக்ரான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "வெண்ணெய் திரண்டு வரப்ப தாழிய உடைக்கறாங்க" என்றாள்.

நான்காம் நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. அவள் உட்காரும் வரைக்கும் அவரும் உட்காரவில்லை.

"அம்மா, முப்பத்தெட்டாம் ஈட்டுல நாலு வளையம் பெருத்துருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"பெருக்கலையே சார்."

"தெரியும். பார்லிமெண்டுல கேப்பாங்கம்மா, நாமளே செஞ்சுட்டோமே, அப்புறம் எதுக்கு வெளிய வாங்கறீங்கன்னு. பதில் வேணும்."

"பத்தலைன்னு சொல்லுங்க. மாசத்துக்கு ரெண்டு ஈடுதான் வருது, அதனால வாங்கறோம்னு சொல்லுங்க. அது நெசம்."

"பத்தலைன்னா இன்னும் நாலு உலை வையுங்கம்பாங்க. இருக்கற நிலைமையச் சொல்றேன், கேளுங்க. அம்பது ப்ளேன் தரையில நிக்குது. எல்லையில ஏதாச்சும் ஆச்சுன்னா, உங்க வீட்டுக்காரர் உலையில வெந்து வர்ற வரைக்கும் எதிரி காத்துக்கிட்டு நிப்பானா? அந்த எஞ்சின் நமக்கு வேணும். கசப்பாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் இனிக்குதா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் என்று அவளுக்கும் பட்டது. அதனாலேயே ஆத்திரம் கூடிற்று. "வாங்கறதுன்னா வாங்கிக்கோங்க சார். கெட்டுப்போகாதத கெட்டுப்போச்சுன்னு நான் எழுத மாட்டேன். எழுதினா, கெடுத்தவரு யாருன்னு அடுத்த வரியில எங்க வீட்டுக்காரர் பேரு வரும்."

வீட்டில் உலைக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வாங்கியது. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எழுதிக் குடுத்துடு" என்றார்.

அவள் நம்பாமல் பார்த்தாள். "உங்க பேரு போயிரும்."

"பேர வச்சு நாக்கு வழிக்கவா? வீடு கம்பெனி வீடு. மருந்து கம்பெனி ஆஸ்பத்திரி மருந்து. அவங்க மனசு வச்சா நாளைக்கே ரெண்டும் கிடையாது. இவனுக்கும் கார் கிடையாது. நான் எங்க போய் மூச்சு விடுவேன்?"

"முப்பத்தேழு தடவ உங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னு எழுதினேன். ஒரு தடவகூட நீங்க என்னைப் பொய் சொல்றன்னு சொல்லல. அந்த முப்பத்தேழுக்கும் சேத்துத்தான் இந்த ஒண்ணு. இதுல பொய் எழுதினா, அத்தனையும் பொய்னு ஆயிரும்."

"அண்ணி சொல்றது சரிதாண்ணே" என்றான் கொழுந்தன்.

"நீ சும்மா இருடா. இருமறது நானு." உலைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தமும் எடுக்கிற சத்தமும்தான். நான்காம் நாள் மேனேஜர் அளவறைக்கே வந்தார். கையில் வேறு காகிதம்.

"நீங்க சொன்னதுதாம்மா நியாயம். பொய் வேண்டாம். இதப் படிச்சுப் பாருங்க, இதுல ஏதாச்சும் பொய் இருந்தாக் கையெழுத்துப் போட வேண்டாம்."

நாலே வரி. அளவறையில் பயன்பாட்டில் உள்ள கண்ணாடிக் குண்டின் சான்றிதழ் முப்பத்தொரு மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது என்பதும், அதன் பிறகு உரிய இடத்திலிருந்து சான்றிதழ் பெறப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் மூன்று முறை படித்தாள். தேதியைச் சரிபார்த்தாள். மாதத்தை விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்றுதான்.

"திருப்பி வச்சு அளந்தேன்னு ஒரு வரி சேத்துக்கறேன் சார். குண்டோட குறையக் கழிச்சுத்தான் எழுதியிருக்கேன்."

"அது தனி விஷயம்மா. அத வேற காகிதத்துல எழுதிக் குடுங்க, சேத்துக்கலாம். இதுல இருக்கறது நெசமா, பொய்யா?"

"நெசம்தான். இத வச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஃபைல்ல வைப்போம்."

வாய் தவறி ஒரு பொய் வராமல் இருபது வருடம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவள். நிஜத்துக்குக் கையெழுத்து மறுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. போட்டாள்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. சான்றில்லாத குண்டால் எடுத்த அளவுகள் செல்லாது. ஆகவே முப்பத்தெட்டு ஈடும் அளக்கப்படாதவையாகக் கருதப்படும். அளக்கப்படாத பொருளை எஞ்சினில் பொருத்த விதி இல்லை. பொறுப்பாளரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார். அவள் வேறு காகிதத்தில் எழுதிக் கொடுத்த ஐந்து பக்கக் கணக்கைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

வளையங்களை அழுத்து மெஷினில் வைத்து உடைத்தார்கள். நன்றாக இறுகிய எஃகு நெளியாது, வெடிக்கும். ஒவ்வொன்றும் வெடித்த சத்தம் அளவறை வரைக்கும் கேட்டது. பன்னிரண்டு வரைக்கும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை உலைக்காரர் செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "பொய்யில போடுன்னு நான் கெஞ்சினேன், மாட்டேன்ன. போட்டிருந்தா நாலு வளையம் போயிருக்கும். உண்மையில போட்டுட்டு வந்து பன்னெண்டையும் தொலைச்சுட்டு நிக்கற."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். கொழுந்தன் எழுந்து வெளியே போனான். அந்தப் பேச்சுக்கு மட்டும் அவர் பிறகு எப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வீடு மிஞ்சியது. ஆஸ்பத்திரியும் மிஞ்சியது. உலைக்காரரைக் கிடங்கில் போட்டார்கள். கடல் தாண்டி வரும் பெட்டிகளை இறக்கி அடுக்குகிற வேலை. மைக்ரானுக்குப் பெட்டியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. திறக்கக் கூடாது, அளக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இருந்தது. "மாமியார் உடைச்சா மண்குடம்கிறது இதுதான்" என்று சாணை மெஷின்காரர் ஒருவர் சொன்னார். சிரித்தவர்கள் குறைவு. சாணை மெஷின்காரர்களிலும் பாதிப் பேர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் காலையில் வந்து முத்திரைகளைத் தொட்டுப் பார்ப்பாள், எண்களை எழுதுவாள், பிறகு சாயங்காலம் வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பதினாறு மாதம் போயிற்று. எல்லையில் ஏதோ தகராறு. நம் விமானங்கள் நாலு மேலே போய்விட்டு வந்தன. போவதற்கு முன்னால் கேட்கவில்லை என்று நட்பு நாட்டுக்கு மனஸ்தாபம். துறைமுகத்தில் பெட்டி மறுபடி நின்றது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தனியாக, காரில்லாமல். உலைக்காரர் லுங்கியோடு எழுந்து வந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"உலையப் பத்த வைக்கணும். உங்கள விட்டா யாரும் இல்ல."

"எண்ணெய்த் தொட்டியில மழைத்தண்ணி நிக்குது சார். போன வாரம்தான் எட்டிப் பாத்தேன், தவளை இருக்கு."

"சுத்தம் பண்ண ஆள் தர்றேன். எத்தன மாசம் ஆகும்?"

"எஃகு இருந்தா மூணு மாசத்துல மொத ஈடு போடலாம்."

மைக்ரான் உள்ளேயிருந்து வந்தாள். "நெஞ்சு போனவர் சார் இவரு. புகையில்லாத உலை கொண்டாங்க, வருவாரு."

"நீ இரு" என்றார் உலைக்காரர். மேனேஜரைப் பார்த்து, "நாளைக்கு வர்றேன்" என்றார்.

மேனேஜர் தெருமுனை திரும்பும் வரைக்கும் அவள் பொறுத்திருந்தாள். "கூப்பிட்ட குரலுக்கு ஓடறீங்களே, வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றார் அவர். உள்ளே போய்ப் பழைய தோல் கையுறையைத் தேட ஆரம்பித்தார்.

முதல் வாரம் தொட்டியை இறைத்தார்கள். இரண்டாம் வாரம் உலையின் செங்கல்லை மாற்றினார்கள். மூன்றாம் வாரம் உப்பைக் கொட்டிப் பற்ற வைத்தார்கள். அன்று சாயங்காலம் உலைக்காரர் நகக்கண்ணெல்லாம் கரியோடு வந்து உட்கார்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு இரண்டாம் தரம் சோறு கேட்டார். பேசிக்கொண்டே சாப்பிட்டார். குளிர்ப் பெட்டியைத் தொட்டிக்கு இன்னும் நாலு அடி பக்கத்தில் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறாராம். அப்படி வைத்தால் ஒரே எட்டில் உள்ளே போட்டுவிடலாமாம். இந்த முறை முதல் ஈட்டிலேயே தேறிவிடுமாம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் கொழுந்தன் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"மறுபடி பேச்சு நடக்குதண்ணி. பின்சீட்டுல பேசிக்கிட்டாங்க. எஃகு வாங்க ஆர்டரே போடல. போடவும் மாட்டாங்க. உலை எரிஞ்சாப் போதுமாம். மேல சாட்டிலைட்டுலேருந்து அந்த நாட்டுக்காரங்க படம் எடுப்பாங்க இல்ல, அதுல புகை தெரியணுமாம். புகையப் பாத்தா விலையக் குறைச்சுக்கிட்டு வந்துருவான்னு..."

இரண்டாம் தரம் போட்ட சோற்றையும் அவர் வழித்துச் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு, கேட்டது அத்தனையும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

உலைக்காரர் தட்டிலேயே கையைக் காயவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எஃகு வர நாளாகும்னுதான் மேனேஜர் சொன்னான்" என்றார்.

"வராது."

"யாரு கண்டா? அவங்க விலை குறைக்காமப் போனா?"

"குறைப்பாங்க."

அவர் எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் முகத்தை அதிலேயே வைத்திருந்தார். எடுத்தபோது முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

"உப்பு ராத்திரி ஆறிடும். விடிய முந்திப் போய்த் தீய ஏத்தணும். அஞ்சு மணிக்கு எழுப்பி விடு."

ஐந்து மணிக்கு அவள் விழித்துத்தான் கிடந்தாள். பக்கத்தில் அவர் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. எழுப்பவில்லை. ஐந்தே காலுக்கு அவராக எழுந்தார். ஏன் எழுப்பவில்லை என்று கேட்கவில்லை. விளக்குப் போடாமல் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு, கையுறையை இடுக்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.